எட்டெட்டு அறுபத்துநாலு

நடுவர் அவர்களே, மணக்குடிப் பெரியோரே, வணக்கம். ஆறு கடலில் சேருகிற மணக்குடிப் பொழியை அடைத்து, குமரிக் கடல் ஓதத்தில் மின்சாரம் எடுப்பது வீண் செலவு என்கிற அணி நான்.

எதிரணித் தம்பி சொன்னார்: "மூணு கடல் காலடியில் கிடந்தும் இவங்களுக்குக் கரண்டு எடுக்கத் துப்பில்லை. கேரளத்து விழிஞ்சத்துக்காரன் 1991-லேயே எடுத்துட்டான்!" நீங்களும் கை தட்டினீங்க.

தம்பி, விழிஞ்சத்தில் சென்னை ஐ.ஐ.டி. வைத்தது 150 கிலோவாட் அலை மின் நிலையம். காங்கிரீட் பெட்டிக்குள் அலை ஏறி இறங்கியது. உள்ளே அடைபட்ட காற்று டர்பைனைச் சுழற்றியது. அது அலை. நீங்க பேச வந்தது ஓதம், அதாவது ஏற்றமும் வற்றமும். நிலா இழுத்து, 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறி வற்றுகிற தண்ணீர். ரெண்டையும் ஒண்ணாக்கினால் இந்தக் கரையில் வள்ளம் இறக்க முடியுமா?

துப்பு என்றீங்களே, அதையும் கணக்காகப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் காயலை அடைத்து, 1 மீட்டர் ஏற்றத்தைத் தேக்கி, வற்றத்தில் இறக்கினால், இழப்பே இல்லை என்று வைத்தாலும் ஒரு ஏற்றத்துக்குச் சுமார் 1,400 யூனிட். இங்கே அமாவாசை ஏற்றம்கூட அந்த 1 மீட்டரைத் தொடாது. முப்பந்தல் காற்றில் 2 மெகாவாட் காற்றாலை ஒன்று முழு வேகத்தில் சுற்றினால் ஒரே மணி நேரத்தில் 2,000 யூனிட். இதுவா துப்பில்லாத ஊர்?

நீங்க காட்டிய பிரான்ஸ் ரான்ஸ் ஆற்றில் ஏற்றம் சராசரி 8 மீட்டர். அதே ஒரு சதுர கிலோமீட்டரில் தேங்கும் தண்ணீரும் எட்டு மடங்கு, விழுகிற உயரமும் எட்டு மடங்கு. ஆக எட்டெட்டு அறுபத்துநாலு மடங்கு மின்சாரம். அதனால்தான் 1966 முதல் 24 டர்பைன், 240 மெகாவாட் ஓடுகிறது. மதகு, உப்பு அரிக்காத டர்பைன், தூர்வாருதல்... இந்தச் செலவெல்லாம் 1 மீட்டர்க்காரனையும் விடாது. மேற்கு வங்கச் சுந்தரவனத்துத் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் ஓத மின் திட்டத்துக்கு 238 கோடி ரூபாய் மதிப்பீடு வந்தது. கைவிட்டார்கள். கட்டியே ஆகணும்னா, 11 மீட்டர் வரை ஏறுகிற குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கட்டுங்க.

ரான்ஸில் நடந்த இன்னொன்றைத் தம்பி சொல்லவில்லை. அணை கட்ட, தற்காலிகக் கரை போட்டு, கழிமுகத்தை மூணு வருஷம் போல அடைத்தார்கள். மூணு வருஷம்! கடல் உள்ளே வரவில்லை. உப்பு குறைஞ்சது, சேறு படிஞ்சது, சிப்பியும் மீனும் செத்தன. திறந்த பிறகு அந்தக் கழிமுகம் உயிர் பிடிக்கப் பத்து வருஷம் ஆச்சு.

இங்கே தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் ஏறினதுக்கே வள்ளம் கவிழ்ந்து எத்தனை பேர் திரும்பி வரலை! விடியுமுன்னே கரையில் வந்து கடலையே பார்த்து நிற்கிற அம்மைமாரிடம், இன்னொரு பொழிமுகத்தை அடைக்கப் போறோம்னு எந்த வாயால் சொல்லுவீங்க? நடுவர் அவர்களே, மணக்குடிப் பொழியைத் திறந்தே விடச் சொல்லுங்க. நன்றி.