பிரான்ஸ் கணக்கு கஷ்டமா, நம்ம பத்தாவது கணக்கு கஷ்டமா? | காரைக்கால் அத்தை வீட்டுப் பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. இன்னிக்கு சமையல் இல்ல, கோயில் இல்ல, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா வரலையான்னு மதகுல நின்னு காட்டப் போறதும் இல்ல. இன்னிக்குக் கணக்கு. ஓடாதீங்க! நான் டியூசன் எடுக்கிறவன்னு உங்களுக்குத் தெரியும். இவ்வளவு நாளா கணக்கை இந்தச் சேனல் வாசப்படி மிதிக்க விடாம வெச்சிருந்தேன். இப்ப பொறுக்க முடியல.

காரணம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பு. எங்க பெரியப்பாவைப் பாத்திருக்கீங்க, மாங்கா ஊறுகாய் வீடியோவுல வந்து உப்பு பத்தலன்னு சொல்லிட்டுப் போனாரே, அவரேதான். ஒரு வீடியோவை ஃபார்வர்ட் பண்ணியிருக்காரு. அமெரிக்காவுல ஏதோ ஒரு கடையில ஒரு பொண்ணு சில்லறை கொடுக்கத் தெரியாம முழிக்குது. கீழ, "நம்ம ஊர் ஆறாங்கிளாஸ் பையன் மனசுலயே சொல்லிடுவான்"னு பெருமை. அதுக்கும் கீழ ராமானுஜன் படம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல படிச்சவர்தான், சாரங்கபாணி சன்னதித் தெருவுல அவர் வீட்டுக்குள்ள போய் வீடியோ எடுத்துப் போட்டவதான் நானும். ஆனா அந்த மனுசன் கணக்கைத் தவிர மத்த பாடத்துல தோத்துப் போயி, காலேஜ்ல ஸ்காலர்ஷிப்பைப் பறிகொடுத்தவரு. அவரைப் போயி நம்ம பரீட்சை முறைக்கு விளம்பரமா ஒட்டுறீங்களே, நியாயமா பெரியப்பா?

சரி, இது பாதிதான். மீதி காரைக்கால்ல.

காரைக்கால்ல அத்தை வீடு. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊரு, அங்க பல வீட்டுல ஒருத்தராவது பிரான்ஸ்ல இருப்பாங்க. அத்தை பேத்தி லீவுக்கு வந்திருக்கா, நம்ம பிளஸ் ஒன் மாதிரி ஒரு வகுப்பு முடிச்சிட்டு. வாசல்ல உக்காந்து பேசிட்டிருந்தோம். அத்தை மூஞ்சி தொங்கிப் போயிருக்கு. என்னன்னு கேட்டா, "கணக்குல 20க்கு 14 வாங்கியிருக்கா, அதைப் போயி அவ அப்பன் கேக் வெட்டிக் கொண்டாடுறான்"னு ஒரே புலம்பல். அங்க எல்லாத்துக்கும் மார்க் 20க்குத்தான். 16க்கு மேல போயிட்டா பிரமாதம்னு பட்டமே கொடுத்துடுவாங்க, 14ங்கிறது நல்ல மார்க். அத்தைக்குப் புரிய வைக்க நானும் என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். "நூத்துக்கு 70தானேடி"ன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. அங்க மொத்த மார்க் ஈசியா விழாதுங்கிறது அவங்க காதுலயே ஏறல.

அப்புறம் நான் நம்ம பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை அவகிட்ட கொடுத்தேன். முதல் பாடம் அணிகள், ரெண்டாவது கலப்பு எண்கள். பொண்ணு பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பாக்குறா. "அத்தை, இது எல்லாருக்குமா?"ன்னு கேட்டா. கணக்கு குரூப் எடுத்த எல்லாருக்கும்தான்னேன். அங்க கடைசி வருஷத்துல கணக்கைச் சிறப்புப் பாடமா எடுத்தா வாரத்துக்கு ஆறு மணி நேரம். அதுல கலப்பு எண்ணும் கிடையாது, அணியும் கிடையாது. அது வேணும்னா இன்னும் மூணு மணி நேரத்துக்கு எக்ஸ்பர்ட் கணக்குன்னு தனியா ஒண்ணு எடுக்கணுமாம். இதைக் கேட்டதும் எங்க பெரியப்பாவுக்கு (ஆமா, அவரும் அங்கதான் இருந்தாரு, சொல்ல மறந்துட்டேன், ஆடிப்பெருக்குக்கு வந்தவரு அப்படியே டேரா போட்டுட்டாரு) ஒரே குஷி. "பாத்தியா, நம்ம ஸ்டாண்டர்டு எங்க, அவங்க ஸ்டாண்டர்டு எங்க!"

இங்கதான் மக்களே எனக்குக் கோவம் வருது. பாடத் தலைப்பை வெச்சு ஸ்டாண்டர்டு பேசுறது! தலைப்பை மட்டும் பாத்தா நாமதான் உலகத்துலயே ஒசத்தி. வகைக்கெழுச் சமன்பாடு இருக்கு, வெக்டர் இருக்கு, கடைசியில தனிநிலைக் கணிதம் வேற. அந்தப் பொண்ணு பிரான்ஸ் கடைசி வருஷக் கணக்குக் கேள்வித்தாளைப் போன்ல காட்டினா. நாலு மணி நேரம் எழுதணும். கால்குலேட்டர் வெச்சுக்கலாம். வெச்சுக்கிட்டும் பிரயோஜனம் இல்ல, கேட்டிருக்கிறதெல்லாம் ஏன், எப்படி, காரணம் சொல்லு. ஒரு சார்பை, அதாவது ஃபங்ஷனைக் கொடுத்து வரிசையா பிடி போட்டுக் கேட்டுக்கிட்டே போறாங்க. புத்தகத்துல இருந்த கணக்கு அப்படியே வரும்னு அங்க ஒருத்தனும் காத்துக்கிட்டு இருக்க முடியாது.

நம்ம பத்தாவது பேப்பரை எடுத்துக்குங்க. நூறு மார்க். ஒரு மார்க் 14, செய்முறை வடிவியலும் கிராஃபும் சேத்து 16. இதை மட்டும் மனப்பாடமா போட்டாலே முப்பதுக்குப் பக்கம் வந்துடும், பாஸுக்கு 35 போதும். நானே இப்படித்தான் பசங்களைக் கரை ஏத்துறேன், மறைக்க என்ன இருக்கு. அப்புறம் 28வது, 42வதுன்னு ரெண்டு கம்பல்சரி கேள்வி. டியூசன் வெச்சிருக்கிற எல்லாருக்கும் இந்த நம்பர் தெரியும். சாய்ஸ் கிடையாது, புத்தகத்துல இல்லாததும் வரலாம். மொத்தமே ஏழு மார்க். அதுக்கு நம்ம ஊர்ல நடக்கிற ஒப்பாரி இருக்கே! "அவுட் ஆஃப் சிலபஸ்"னு டிவி வரைக்கும் போயிடும். பிரான்ஸ்காரனுக்கு முழுப் பேப்பரும் கம்பல்சரி மாதிரிதான் இருக்கு.

இருங்க, இதை நான் சும்மா வாயால சொல்லல. பிசான்னு ஒரு தேர்வு இருக்கு. 15 வயசுப் பசங்களுக்கு ஓஇசிடின்னு வசதியான நாடுங்க சேந்து வெச்சிருக்கிற அமைப்பு நாடு நாடா நடத்துறது. 2022ல கணக்குல சிங்கப்பூர் 575, முதல் இடம். ஓஇசிடி நாடுகளோட சராசரி 472, அமெரிக்கா 465. பெரியப்பா, அமெரிக்கா சராசரிக்குக் கீழதான், சந்தோஷப்பட்டுக்குங்க. இப்ப அடுத்ததையும் கேளுங்க. நம்ம தமிழ்நாடும் இதை எழுதியிருக்கு. 2009 சுற்றோட சேத்து நாமளும் ஹிமாச்சலும் எழுதினோம். ஷாங்காய்க்குக் கணக்குல 600, நமக்கு 351. மொத்தம் 74 இடம், கடைசியில கிர்கிஸ்தான், அதுக்கு மேல ஹிமாச்சல், அதுக்கு மேல நாம. கேள்வியெல்லாம் நம்ம பசங்க சூழ்நிலைக்கு ஒத்துவரலன்னு காரணம் சொல்லிட்டு, 2012, 2015, 2018 எதுலயும் இந்தியா கலந்துக்கல.

ஒத்துவரலையாமே, அப்படி என்ன கேள்வின்னு பாத்துடுவோம்னு, 2012ல வந்த ஒரு பழைய பிசா கேள்வியை எடுத்தேன். ஒரு சரக்குக் கப்பல், முன்னால கயிறு கட்டி வானத்துல பெரிய பட்டம் மாதிரி ஒரு பாய். காத்து இழுக்கிறதால டீசல் 20 சதவீதம் மிச்சம். இதை டியூசன் பசங்களுக்குக் கொடுக்கலாம்னு மாயவரத்துல ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பாருங்க, கறுப்பு வெள்ளை பக்கத்துக்கு 2 ரூபாய், கலர் 10 ரூபாய். நான் எந்தக் கட்சின்னு உங்களுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளை. வீட்டுக்கு வந்து பாத்தா கப்பல் இருக்கு, பட்டம் இருக்கு, நடுவுல கயித்தைக் காணோம்! வானமும் கயிறும் ஒரே சாம்பல். கேள்வியே கயிறு எவ்வளவு நீளம்னுதான். திரும்பப் போனேன். "கொஞ்சம் டார்க்கா போடுங்க தம்பி"ன்னேன். போட்டாரு, கப்பலும் காணாமப் போச்சு. அதுக்கும் 2 ரூபாய் கேக்குறாரு! கயிறு இல்லாத தாளுக்கும் காசு, கப்பல் இல்லாத தாளுக்கும் காசு. கலர் போட்டுக்கன்னு அவரு, முடியாதுன்னு நான். கடைசியில ராத்திரி உக்காந்து ஒவ்வொரு தாள்லயும் ஸ்கேல் வெச்சு சிவப்புப் பேனாவால கயிறு கிழிச்சேன். மிச்சம் பண்ணதை வெச்சு ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டேன், அது வேற விஷயம்.

சரி கேள்விக்கு வரேன். பட்டம் 150 மீட்டர் உயரத்துல, கயிறு 45 டிகிரி சாய்வு. கயிறு எவ்வளவு? பேனாவை எடுத்தானுங்க, சைன் 45, ஒண்ணு பை ரூட் ரெண்டு, 212 மீட்டர். எல்லாப் பயலும்! ஒருத்தன் படம்கூடப் பாக்கல. நான் கிழிச்ச கயித்தை மதிக்கவே இல்ல படுபாவிங்க.

அடுத்த கேள்வி. கப்பலோட நீளம் 117 மீட்டர், அகலம் 18, 12,000 டன் ஏத்தலாம், வேகம் 19 நாட். வருஷத்துக்கு 35 லட்சம் லிட்டர் டீசல், லிட்டர் 0.42 செட். செட்டுங்கிறது அவங்களா வெச்சுக்கிட்ட ஒரு பணம், தேடாதீங்க. பாயை மாட்ட 25 லட்சம் செட் செலவு. எத்தனை வருஷத்துல போட்ட காசு வரும்? இவ்வளவுதான். சைனும் இல்ல காஸும் இல்ல, ஏழாங்கிளாஸ் பெருக்கல்.

வகுப்பே உறைஞ்சு போச்சு மக்களே. நல்லாப் படிக்கிற பொண்ணு ஒருத்தி, 98 வாங்குறவ, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வெச்சிருக்கா. ஏம்மான்னு கேட்டா, "கொடுத்திருக்காங்களே டீச்சர்". கொடுத்ததை எல்லாம் உபயோகிக்கணும்னு நாமதான் பழக்கி வெச்சிருக்கோம். நம்ம புத்தகத்துக் கணக்குல தேவையில்லாத எண் அபூர்வமாத்தான் வரும், ரூட் மூணோட மதிப்பைக்கூட அடைப்புக்குறியில எழுதிக் கொடுத்துடுவாங்க.

போட்டது யாரு தெரியுமா? தரங்கம்பாடியில இருந்து பஸ்ல வர்ற பையன். அப்பா விசைப்படகு வெச்சிருக்காரு. திருப்புதல் தேர்வுல 41 வாங்கினவன். "டீச்சர், நீளம் அகலமெல்லாம் எதுக்கு, டீசல் மட்டும்தானே? ஏழு லட்சம் லிட்டர் மிச்சம், வருஷத்துக்கு 2,94,000. எட்டரை வருஷம் ஆகும், எங்க அப்பா மாட்ட மாட்டாரு"ங்கிறான்! சூழ்நிலைக்கு ஒத்துவரலன்னு சொன்னவங்க தரங்கம்பாடிப் பக்கம் வந்து பாத்திருக்கலாம்.

இன்னொண்ணு விட்டுட்டேன், சிங்கப்பூர். கூத்தாநல்லூர்ல இருந்து அங்க போன குடும்பம் ஒண்ணு நம்ம சேனல் பாக்குறாங்க, அவங்க விளக்கமா சொன்னாங்க. அங்க நம்ம பத்தாவது வயசுல எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது. சாதாரணக் கணக்கு பொதுவா எடுக்கிறது, விருப்பமும் தெம்பும் இருக்கிறவனுக்கு கூடுதல் கணக்குன்னு தனிப் பாடம். அதுல அந்த வயசுலயே வகையிடல், தொகையிடல்னு கால்குலஸ் வந்துடுது. நமக்குப் பதினொண்ணாவதுலதான் ஆரம்பம். இங்கிலாந்துல ஒரே பாடத்துக்கே ரெண்டு படி, கீழ்ப்படி பேப்பர்ல எவ்வளவு நல்லா எழுதினாலும் 5க்கு மேல கிரேடு கிடையாது, ஒசத்தி கிரேடு 9 வேணும்னா மேல்படி எழுதணும். எனக்கு இந்தப் படி பிரிக்கிறது அவ்வளவா பிடிக்கல. பதினஞ்சு வயசுல உனக்கு இவ்வளவுதான்னு மூடி போடுறது கொடுமை. இங்கிலாந்து மாதிரி இங்க படி வெச்சிருந்தா அந்த 41 பையன் கீழ்ப்படியிலதான் உக்காந்திருப்பான்.

சைனா கேக்காதீங்க, அது தனி வீடியோ. அங்க காலேஜ் நுழைவுத் தேர்வுல கணக்குக்கு 150 மார்க், ரெண்டு மணி நேரம், கால்குலேட்டர் கிடையாது, அதோட நிறுத்திக்கிறேன்.

இப்ப பெற்றோருங்க எல்லாம் கேப்பீங்க, "அப்ப சிபிஎஸ்இக்கு மாத்திடலாமா டீச்சர்?" தெரியும், இதைத்தான் கேப்பீங்கன்னு. அங்கயும் பத்தாவதுல ஸ்டாண்டர்டு, பேசிக்னு ரெண்டு கணக்கு வந்துடுச்சு. ஃபீஸைக் கட்டி பேசிக் எடுக்க வெச்சிட்டு, பையன் சென்ட்ரல் போர்டுன்னு கல்யாண வீட்டுல சொல்லிக்கிறதுக்கு ஒரு வசதி. மாத்த வேண்டாம். இருக்கிற புத்தகத்தையே எடுங்க, உதாரணக் கணக்குல ஒரு எண்ணை அடிச்சிட்டு சம்பந்தமே இல்லாத இன்னும் ரெண்டு எண்ணை எழுதி வீட்டுல கொடுங்க. பையன் திட்டுவான். திட்டட்டும்.

பெரியப்பா, நீங்க இதைப் பாப்பீங்கன்னு தெரியும். அந்த டீசல் கணக்கை குரூப்புல போட்டிருக்கேன். பதில் எழுதாம அடுத்த ஃபார்வர்ட் அனுப்பக் கூடாது. வரேன் மக்களே.