ஃபுதாபா: பதினொரு வருடம் ஆளில்லாமல் கிடந்த ஊர்

[காட்சி: கடைத்தெரு முகப்பில், சாலையின் குறுக்கே ஒரு பழைய வளைவு]

ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் ஃபுதாபா என்று ஒரு சின்ன ஊர். அதன் கடைத்தெரு வாசலில், நம்மூர்த் திருவிழா வளைவு மாதிரி ஒரு பலகை நின்றது. ‘அணுசக்தி, ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்’ என்று அதில் எழுதியிருக்கும். 1980களின் கடைசியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாடமாக எழுதிக் கொடுத்த வாசகம் அது.

ஊர் அதை முழுசாக நம்பியது. நம்பாமல் எப்படி? அணுமின் நிலையத்தின் ஆறு உலைகளில் இரண்டு இந்த ஊர் எல்லைக்குள்தான். வேலையும் வரிப்பணமும் அங்கிருந்துதான் வந்தன.

[காட்சி: கடற்கரை, அணுமின் நிலையம்]

2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. நிலநடுக்கம், அப்புறம் சுனாமி. டீசல் ஜெனரேட்டர்கள் தண்ணீரில் மூழ்கின. மின்சாரம் இல்லாமல் உலைகளைக் குளிர்விக்க முடியவில்லை. மறுநாள் விடியற்காலை 10 கிலோமீட்டர் சுற்றளவில் எல்லாரும் வெளியேற உத்தரவு. சுமார் 7,000 பேர் கிளம்பினார்கள். ரெண்டு மூணு நாளில் திரும்பிவிடலாம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம்.

ஊர் அலுவலகமும் கூடவே போனது. 200 கிலோமீட்டருக்கு அப்பால், டோக்கியோவை ஒட்டிய சைதாமா மாகாணத்தில் மூடிக்கிடந்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் அலுவலகம் நடந்தது. அதே கட்டடத்தின் வகுப்பறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாய் விரித்துக் குடியிருந்தார்கள்.

[காட்சி: மண் அள்ளும் இயந்திரம், கருப்பு மூட்டைகள்]

சரி, கதிர்வீச்சை எப்படிச் சுத்தம் செய்வது? முக்கியமான வில்லன் சீசியம் 137, உலைகளிலிருந்து வெளியேறி ஊர் மண்ணில் படிந்த கதிரியக்கப் பொருள். பாதியாகக் குறையவே அதற்கு 30 வருடம் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: களிமண்ணில் ஒட்டிக்கொண்டால் ஆழத்துக்கு இறங்காது. அதனால் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் போலச் சுரண்டி எடுத்து, மூட்டை கட்டினார்கள். கூரையைத் துடைத்தார்கள், சாக்கடையைக் கழுவினார்கள். மலைக்காடுகளை அப்படிச் சுரண்ட முடியாது, பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

அள்ளிய மண் எங்கே போனது? ஃபுதாபாவிலும் பக்கத்து ஊரான ஓகுமாவிலுமாக 1,600 ஹெக்டேர். பலருடைய வீடும் வயலும் இருந்த நிலம் அது. 2045க்குள் இந்த மண்ணை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாங்கிக்கொள்ள முன்வந்த ஊர் எதுவும் இல்லை.

[காட்சி: புதிய ரயில் நிலையம்]

2020 மார்ச்சில் ரயில் திரும்ப வந்தது. 2022 ஆகஸ்ட் 30 அன்று, ஊரின் ஒரு பகுதியில் மட்டும் மக்கள் குடியேறலாம் என்று அனுமதி கிடைத்தது. இப்போது அங்கே இருப்பவர்கள் சுமார் இருநூறு பேர்தான். அதிலும் பாதிக்கு மேல் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள். மண்ணைச் சுரண்டியாகிவிட்டது, ஆனால் போனபோது பாலர் பள்ளிக் குழந்தையாக இருந்தவள் வேறொரு ஊரில் மேல்நிலைப் பள்ளிக்கே வந்துவிட்டாளே? பழைய ஊர்க்காரர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், பத்தில் ஆறு பேர் திரும்பப்போவதில்லை என்றார்கள்.

அந்த வளைவுப் பலகையைக் கழற்றி, ஊரிலேயே இருக்கும் பேரிடர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கழற்ற வேண்டாம் என்று போராடியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதை எழுதிய அதே பையன், நடுவயதில்.

[காட்சி: தருமா சந்தை]

ஃபுதாபாவில் ஜனவரிதோறும் தருமா சந்தை கூடும். தருமா என்பது நமக்குத் தெரிந்த போதிதர்மர்தான், உருண்டைப் பொம்மையாக. வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை வரைவார்கள், நிறைவேறினால் மற்றது. ஃபுதாபா பொம்மையின் முகத்தைச் சுற்றி நீலக்கோடு, அது பசிபிக் கடல். இத்தனை வருடமும் இவாகி நகரில் நடந்த சந்தை, 2023 ஜனவரியில் சொந்த ஊருக்குத் திரும்பியது. பெரிய தருமா ஒன்றைக் கயிறு கட்டி, வடக்கு தெற்காகப் பிரிந்து இழுத்தார்கள். கயிறு பிடித்தவர்களில் பலருக்கு வீடு இப்போது வேறு ஊரில்.