"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பாலியல் வழக்குகளில் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று நீதிபதி ஜூரிக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவுக்கு, எடுத்துச் சொல்வது நீதிக்குத் துணையே என்பது எங்கள் அணியின் வாதம். இங்கிலாந்து நீதிமன்றங்களை வைத்தே பேசுகிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார்: "வீட்டில் திருடு போனால் அன்றே போலீசுக்கு ஓடுகிறோம். இதற்கு மட்டும் மூன்று வருடமா? பன்னிரண்டு ஜூரிகளுக்கு இதுகூடத் தெரியாதா?" கைதட்டல் கூரையைத் தொட்டது.

ஐயா, திருட்டையே எடுத்துக்கொள்வோம். எனக்குப் பதின்மூன்று வயது. தேர்வுக் கட்டணத்தை அப்பா இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். பஸ்ஸில் எவனோ என் பையைக் கத்தரித்துவிட்டான். அந்தக் கிழிசலை நானே தைத்தேன், கோணல் தையல். "கட்டிவிட்டாயா?" என்றார் அப்பா. "கட்டிவிட்டேன்" என்றேன். மறுநாள் கேட்டார், அன்றும் "கட்டிவிட்டேன்." சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. பதினோராம் நாள் துவைக்கும்போது அம்மா தையலைப் பார்த்துவிட்டாள். அழுதுகொண்டே சொன்னேன். அப்பா வாயிலிருந்து முதலில் வந்தது: "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" பறிகொடுத்தவனும் நான், பதில் சொல்ல வேண்டியவனும் நான்! நான் சொன்ன பொய்யை வைத்து, திருட்டே நடக்கவில்லை என்று தீர்ப்பெழுதலாமா?

பணத்துக்கே இந்தக் கதி என்றால் உடலுக்கு?

பதினேழாம் நூற்றாண்டில் மேத்யூ ஹேல் என்ற தலைமை நீதிபதி, வல்லுறவுக் குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது என்று எழுதிவைத்தார். வேறு ஆதாரம் இல்லாமல் புகார் சொன்ன பெண்ணின் சொல்லை நம்பித் தண்டிப்பது ஆபத்து என்று ஜூரியை எச்சரிப்பது நீதிபதியின் கட்டாயக் கடமையாகவே இருந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. அப்போதெல்லாம் 'ஜூரிக்கு எதற்கு அறிவுரை' என்று யார் கேட்டார்கள்? இன்று நீதிபதி சொல்வது இவ்வளவுதான்: தாமதமாகச் சொன்னதாலேயே அது பொய்யாகிவிடாது, உடனே சொன்னதாலேயே மெய்யாகிவிடாது, அதிர்ச்சியும் வெட்கமும் வாயைக் கட்டிவிடலாம், சாட்சியம் முழுவதையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். இதில் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்?

சாட்சிக் கூண்டில் திரைக்குப் பின்னால் நிற்கிறாள் ஒரு பெண். கையிலுள்ள காகிதக் கைக்குட்டை துகள்துகளாகிவிட்டது. "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" அவளிடமும் அதே கேள்விதான்.

அம்மா அன்று என் கோணல் தையலைப் பிரித்தாள். கிழிசலை விரலால் ஒருமுறை தடவினாள். ஒன்றும் கேட்காமல் நேராகத் தைத்துக் கொடுத்தாள்.

வணக்கம்.