ஒட்டுப்பாலும் எடையில் சேரும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வார வேலையெல்லாம் முடித்துவிட்டு இந்தச் சனிக்கிழமை இரவில் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் சுங்கை சிப்புட் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

'இணையத்தில் எல்லாரும் எழுதுவதும் பேசுவதும் படம்பிடித்துப் போடுவதும் சமுதாயத்துக்கு நன்மை தருகிறதா, தரக்குறைவைப் பரப்புகிறதா?' இதுதான் இன்றைய தலைப்பு. நன்மைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் நன்றாகவே பேசினார். "தராசு பிடிக்கத் தெரியாதவன் கையில் கடையைக் கொடுத்துவிட்டோம். எழுதத் தெரிந்தவன் எழுதட்டும், பாடத் தெரிந்தவன் பாடட்டும். எல்லாரும் இறங்கினால் குளம் கலங்கத்தான் செய்யும்" என்றார். கைதட்டலும் வாங்கினார்.

அவர் தராசு என்றதும் எனக்கு எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோர் நினைவுக்கு வந்துவிட்டது. இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். மரத்தைக் கீறிப் பால் வெட்டி முடித்தவர்கள் காண்டா வாளியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலை அளப்பார். மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, பால் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பார். புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுவார். அந்த எண்தான் கூலி. என் அப்பா அந்த வரிசையில் முப்பது ஆண்டு நின்றவர். ஒரு நாளும் அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. அதனால்தான் நடுவர் அவர்களே, 'தரம்' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வரும் கேள்வி, அளக்கிற கருவி யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

நம்மைப் பற்றி எழுதி வைத்தவர்கள் யார்? செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் நம் பாட்டன் பெயர் இருக்கும். பெயருக்கு நேரே அன்றைய வருகை இருக்கும், கூலி இருக்கும். அவ்வளவுதான். 1950களின் பிற்பாதியிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டன. இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கவைத்தார். இது வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் விற்கப்பட்ட தோட்டத்தில் இருந்த ஒரு பாட்டி பிள்ளையை எப்படித் தாலாட்டினார், கோழிக்குழம்பில் எதை அரைத்துப் போட்டார், தீமிதிக்கு முதல் நாள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என்ன நடந்தது, இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எழுதத் தெரிந்தவர்கள் நம் லயத்துக்கு வரவில்லை. லயத்தில் இருந்தவர்களுக்கு அச்சகத்துக்குள் போக வழி தெரியவில்லை. இன்று அதே லயத்தின் பேரப்பிள்ளை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பாட்டியைப் பேசவைக்கிறான். படம் ஆடுகிறது, ஒளி சரியில்லை, நடுவில் சேவல் கூவுகிறது. எதிரணி இதைத் தரக்குறைவு என்கிறது. நமக்கு இதுதான் முதல் ஆவணம்.

சங்கப் புலவர்களின் தரம் என்ன, இன்றைய முகநூல் கவிதையின் தரம் என்ன என்று எதிரணித் தங்கை கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். புறநானூற்றில் 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக்குயத்தியார். பெயரிலேயே குயத்தி இருக்கிறது, பானை வனையும் குலத்துப் பெண். வெண்ணிப் போரில் வென்று நிற்கும் கரிகாலனைப் பார்த்து, உன்னைவிட, உன்னிடம் தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி உண்ணாமல் வடக்கிருந்தவன் அல்லவா நல்லவன் என்று கேட்கிறார். வென்ற மன்னனின் முகத்துக்கு நேரே! தொகுத்தவர்கள் பிற்பாடு தேர்ந்தெடுத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வு வந்தது பாட்டுக்குப் பிறகு. பாடுவதற்கு முன்னால் வாசலில் நின்று, நீ குயத்தி, உனக்கு என்ன பாட்டு என்று மறித்திருந்தால் நமக்கு 66ஆம் பாட்டு இல்லை.

இணையத்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2000-இல் நுபீடியா என்று ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். அறிஞர்கள் எழுதுவார்கள், ஏழு கட்டமாகச் சரிபார்த்த பிறகுதான் வெளிவரும். தரத்துக்கு இதைவிட என்ன காவல் வேண்டும்? 2003-இல் அதை மூடும்போது முழுதாக முடிந்த கட்டுரைகள் முப்பதைத் தொடவில்லை. அதே ஆட்கள் 2001 ஜனவரியில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பக்கத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். அதுதான் விக்கிப்பீடியா. கண்டவன் எழுதினால் குப்பைதானே என்று அன்றும் சொன்னார்கள். 2005-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, விக்கிப்பீடியாவில் இருப்பதையும் பிரிட்டானிக்காவில் இருப்பதையும் துறை அறிஞர்களிடம் கொடுத்துப் பார்த்தது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று பிழை. பிரிட்டானிக்கா அந்த ஆய்வையே ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நாலுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையாளர் மேல் கொலைப்பழி போட்டு யாரோ விக்கிப்பீடியாவில் எழுதி வைத்தார்கள். நான்கு மாதம் அது அப்படியே கிடந்தது. வெட்கக்கேடு. நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அப்புறம் என்ன ஆயிற்று? ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்காதவர் புதிய பக்கம் உருவாக்க முடியாது என்று அந்த ஆண்டு டிசம்பரிலேயே விதி கொண்டுவந்தார்கள்.

தமிழுக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி நிற்கிறது. எழுதுபவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர் இப்படித்தான். நானும் அதில் ஒரு பக்கம் எழுதினேன். மூடப்பட்ட எங்கள் தோட்டத்துப் பள்ளியைப் பற்றி எட்டு வரி. பள்ளி தொடங்கிய ஆண்டைத் தப்பாகப் போட்டிருந்தேன், அப்பா சொன்னதைக் கேட்டு. மறுநாள் பார்க்கிறேன், யாரோ ஒருவர் ஆண்டை எடுத்துவிட்டு, 'சான்று தேவை' என்று குறித்திருக்கிறார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் பள்ளியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? உரையாடல் பக்கத்துக்குப் போய்ச் சண்டைக்கு நின்றேன். அவர் பொறுமையாக, பழைய ஆண்டு மலர் ஏதாவது இருந்தால் பாருங்கள் ஐயா என்றார். தேடினேன். பழைய தலைமையாசிரியர் வீட்டுப் பரணில் கரையான் அரித்த ஒரு மலர் கிடைத்தது. ஆண்டு வேறு. அப்பா சொன்னதும் தப்பு, நான் எழுதியதும் தப்பு. இன்றும் அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் என் பிழை, அவர் கேள்வி, என் திருத்தம் மூன்றும் தேதியோடு இருக்கின்றன. அந்த மலரைத் தேடி அந்தப் பரணில் ஏற என்னை எந்தப் பல்கலைக்கழகமும் அனுப்பவில்லை நடுவர் அவர்களே. தரம் இப்படித்தான் உண்டாகிறது. எழுதவிட்டு, பிறகு திருத்துவது.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து நம் இலக்கியங்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள். முதல் நூல் திருக்குறள். இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். கணினியில் தமிழே எழுத முடியாத காலத்தில் முரசு அஞ்சல் என்ற மென்பொருளைச் செய்து கொடுத்த முத்து நெடுமாறன் நம் மலேசியர். ஒலிக்கிறபடி தட்டினால் தமிழ் வந்து விழும் அந்த வசதியால்தான் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் இன்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறோம்.

சரி, எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். பொய்ச் செய்தி. வாட்ஸ்அப் வைத்தியம். என் சின்னம்மா நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு, குழுவில் வந்த ஏதோ இலைச்சாற்றை மூன்று மாதம் குடித்தார். காலில் புண் வந்து, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பலமுறை படித்தேன். எழுதியவர் யார் என்று பார்த்தேன். பெயர் இல்லை. ஊர் இல்லை. தேதி இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லை. என் சின்னம்மாவுக்கு அனுப்பியவரும் அதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை.

எதிரணி இங்கேதான் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஒருவர் தன் பெயரில் தனக்குத் தெரிந்ததை எழுதுவது வேறு. யாரோ எழுதியதைப் படிக்காமலே கைமாற்றுவது வேறு. முன்னதைத் திருத்தலாம், கேள்வி கேட்கலாம். பின்னதைத் திருத்த முடியாது. வாட்ஸ்அப் நிறுவனமே 2019-இல் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் கைமாற்ற முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் என்று இறுக்கியது. அடைத்தது கடத்தும் வழியை, எழுதும் வாயை அல்ல. நோய் எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது. நம் அரசாங்கம் 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா தளமும் சந்தேகமான செய்தியை மக்களிடமிருந்தே கேட்டு வாங்கித்தான் சரிபார்க்கிறது.

ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் அப்பா கோபித்துக்கொள்வார். மரத்தில் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இழை. மறுநாள் வெட்டுவதற்கு முன் அதை உரித்துப் பையில் போடுவார்கள். பாலுக்குள்ள விலை அதற்கு இல்லை. அழுக்கு இருக்கும், பட்டை ஒட்டியிருக்கும். ஆனால் அதையும் நிறுத்துக் காசு கொடுத்தார்கள். ஒட்டுப்பால் வருகிறது என்று எந்தத் துரையும் மரத்தை வெட்டிச் சாய்க்கவில்லை. இணையத்தில் ஒட்டுப்பால் நிறைய இருக்கிறது, நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மரத்தைச் சாய்க்கச் சொல்லாதீர்கள்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோமே, அப்போது நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு பெண் மலாய் மொழியில் சமைத்துக் காட்டினார். நாடே பார்த்தது. மலாய்க்காரரும் சீனரும் பார்த்து வாழ்த்தினார்கள். எந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் தேர்வுக்கும் அவர் போய் நிற்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் கொடுங்கள் நடுவர் ஐயா.

என் பாட்டி தாலாட்டுப் பாடியதைக் கைப்பேசியில் பிடித்தேன். அப்போது அவருக்கு எண்பத்தேழு வயது. வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் பாய் போட்டு உட்கார்ந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே, 'விடியும் முன்னே பெரட்டு உண்டு, விழி மூடு என் மகனே' என்று தொடங்கினார். பெரட்டு என்றால் காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது. இரண்டாவது அடி வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார், விரலால் தரையில் கோடு போட்டார். வரவில்லை. "போச்சுய்யா, மறந்துபோச்சு" என்றார். காற்றாடிச் சத்தம், தூரத்தில் மோட்டார் சைக்கிள், பாதிப் பாட்டு. எதிரணி அண்ணன் பார்த்திருந்தால் இதை ஏன் போடுகிறாய் தம்பி என்று கேட்டிருப்பார். அப்படியே யூடியூபில் போட்டேன். நாற்பது பேர் பார்த்திருப்பார்கள், பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.

ஏழு மாதம் கழித்து ஜொகூரிலிருந்து ஓர் அம்மா கீழே எழுதியிருந்தார். எங்கள் அம்மாவும் இதைப் பாடுவார், அடுத்த அடி இப்படி வரும் என்று: 'வாளி நெறையலேன்னா அரை நாளு கூலிதானே.'

கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு முழங்காலைத் தட்ட ஆரம்பித்தார். முதல் அடி, இரண்டாம் அடி, அதற்குப் பிறகு நான் கேட்டே இராத இன்னும் நான்கு அடி.

அதையும் பிடித்து வைத்திருக்கிறேன். அன்றும் சேவல் கூவியது. நன்றி, வணக்கம்.