கலிஃபோர்னியாவா, டெக்ஸாஸா? மிச்சமாகுற வரிக் காசு எங்க போகுது?

வணக்கம் மக்களே. இன்னிக்கு கொஞ்சம் கடுப்போடதான் உட்கார்ந்திருக்கேன். வாட்ஸ்அப்ல அந்த ஃபார்வர்ட் மறுபடியும் சுத்துது: "டெக்ஸாஸ்ல வரியே கிடையாது, கிளம்பி வாங்க." இதைக் கேட்டா எனக்கு எப்படி ஏறும்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். வாங்க, கணக்கைப் போட்டுடுவோம்.

கணவன் மனைவி சேர்ந்து வருஷம் 2 லட்சம் டாலர் சம்பளம்; 401கேன்னு சொல்ற ஓய்வுக்காலச் சேமிப்பு எதுவும் கழிக்கலை. 2025 கணக்குல கலிஃபோர்னியா மாநில வருமான வரி சுமாரா 10,100 டாலர். எஸ்டிஐ, அதாவது உடம்பு முடியாம வேலைக்குப் போக முடியலைன்னா உதவுற மாநிலக் காப்பீட்டுக்குப் பிடிக்கறது, அதே 2025ல 1.2 சதவீதம், அது ஒரு 2,400. 2024லேர்ந்து இதுக்கு உச்சவரம்பே கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் பிடிச்சுடுவாங்க. ஆக மொத்தம் 12,500. டெக்ஸாஸ்ல இந்த இடத்துல பூஜ்யம். வாடகைக்கு இருக்கப்போறீங்கன்னா அவ்வளவுதான், டெக்ஸாஸ்தான் ஜெயிச்சுது. வீடு வாங்கப்போறவங்க மட்டும் உட்காருங்க.

டாலஸ் பக்கம் செலினா, ஹூஸ்டன் பக்கம் கேட்டி மாதிரி ஊர்ல புதுக் கம்யூனிட்டில 5,50,000 டாலருக்கு ஒரு வீடு. இங்கதான் சொத்து வரி வருது. கவுன்ட்டி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதுக்கு மேல மட் இல்லைன்னா பிட் (புதுக் கம்யூனிட்டிக்குத் தண்ணி, சாக்கடை, ரோடு போட்ட செலவை வசூலிக்கற அமைப்புங்க), எல்லாம் சேர்த்து 2.3 சதவீதம்னு வெச்சா வருஷத்துக்கு 12,650. இதுல நல்ல சேதி, ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது நாம குடியிருக்கற சொந்த வீட்டோட மதிப்புல ஒரு பகுதிக்கு வரி கிடையாது. ஸ்கூல் வரில 1,00,000 டாலரா இருந்ததை 2025 நவம்பர் ஓட்டெடுப்புல 1,40,000 ஆக்கிட்டாங்க. ஸ்கூல் விகிதம் 1.05 சதவீதம்னா 1,470 டாலர் குறையும். மீதி 11,180. அங்க மிச்சமான 12,500 எங்க போச்சுன்னு இப்பப் புரியுதா?

ஆனா மாட்டிக்கிற இடம் இதுவும் இல்லை. டெக்ஸாஸ்ல ஜனவரி 1 அன்னிக்கு அந்த இடத்துல என்ன நிக்குதோ அதுக்குத்தான் வரி. உங்க புது வீடு இன்னும் கட்டலை, அன்னிக்கு வெறும் மனை, மதிப்பு 1,20,000. முதல் வருஷ பில் 2,760தான். வீட்டுக் கடன் கொடுக்கற சில லெண்டர்ங்க அதையே வெச்சு எஸ்க்ரோவுக்கு, அதாவது வரி கட்டறதுக்காகத் தவணையோட சேர்த்து வாங்கி வைக்கற கணக்குக்கு, மாசம் 230 பிடிப்பாங்க. நீங்களும் "ஆஹா"ன்னு இருப்பீங்க. அடுத்த பில் முழு வீட்டுக்கு வரும், 11,180. பத்தாக்குறை 8,420. அதை 12 மாசத்துக்குப் பிரிச்சா 702, புது வரிக்கான உயர்வு இன்னொரு 702. மாசத் தவணை ஒரேயடியா 1,400 டாலருக்கு மேல ஏறும்! வட்டி விகிதம் ஏறலை, எதுவும் தப்பா நடக்கலை, அதான் கொடுமை. க்ளோஸிங் அப்பவே, அதாவது வீட்டைப் பதிவு பண்ணி வாங்கற அன்னிக்கே, "வீடு கட்டி முடிச்ச முழு மதிப்புக்கு எஸ்க்ரோ போடுங்க"ன்னு எழுத்துல கேளுங்க. ஒத்துக்கலைன்னா மாசம் 700 தனியா எடுத்து வைங்க.

கலிஃபோர்னியா பக்கம் ஏறுற வேகம் குறைவு. 1978ல வந்த ப்ராப் 13ங்கற சட்டப்படி வரிக்கான மதிப்பு வருஷம் 2 சதவீதத்துக்கு மேல ஏறாது. டெக்ஸாஸ்ல ஹோம்ஸ்டெட் வீட்டுக்கே 10 சதவீதம் வரைக்கும் ஏறலாம். ஆனா பே ஏரியால (சான் ஃப்ரான்சிஸ்கோ சுத்துவட்டாரம்) இருக்கற ஃப்ரீமான்ட்ல 15 லட்சம் டாலர் வீட்டுக்கு 1.2 சதவீதம் போட்டாலே 18,000, அதையும் மறக்காதீங்க. அங்க வேற ஒரு வம்பு, சப்ளிமென்டல் பில், வீடு கை மாறினதும் பழைய மதிப்புக்கும் புது மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வர்ற கூடுதல் வரி பில். அது வழக்கமா எஸ்க்ரோவுக்குப் போகாது, நேரா உங்க தபால் பெட்டிக்கு வரும். விளம்பரக் காகிதம்னு தூக்கிப் போட்டா 10 சதவீதம் அபராதம்.

அடுத்தது கரண்ட். இதுல எனக்கு வர்ற கோபம் சொல்லி மாளாது. டெக்ஸாஸ்ல பெரும்பாலான ஊர்ல கம்பெனியை நாமதான் தேர்ந்தெடுக்கணும். "யூனிட் 7 சென்ட்"னு ஒரு ப்ளான் முதல்ல வந்து நிக்கும். அடியில பாத்தா யூனிட் 17 சென்ட், 1,000 யூனிட் தொட்டா 100 டாலர் கழிவு. சரியா 1,000 ஓடினா 70 டாலர். 999 ஓடினா? 169 டாலர் 83 சென்ட்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 100 டாலர்! மார்ச்லயும் நவம்பர்லயும் ஏசி ஓடாது, 700 யூனிட்தான் வரும், கழிவு கோவிந்தா. ஒவ்வொரு ப்ளானுக்கும் இருக்கற எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்ங்கற விவரத் தாளைத் திறந்து 500, 1,000, 2,000 யூனிட்டுக்கான மூணு விலையையும் பாருங்க. நடுவுல இருக்கறது மட்டும் பள்ளத்துல கிடந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கற ப்ளான்தான் என் கட்சி. ஆங், ஆஸ்டின், சான் அன்டோனியோக்காரங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஊரோட கம்பெனி ஒண்ணுதான்.

பே ஏரியால யூனிட் விலை எக்கச்சக்கம், சாயங்காலம் 4லேர்ந்து 9 வரைக்கும் இன்னும் அதிகம். ஆனா ஃப்ரீமான்ட் காத்துக்கு ஏசி எத்தனை நாள் போடுவீங்க? டாலஸ் ஆகஸ்ட்ல சாயங்காலம் நடக்கக்கூட முடியாது. இந்த ஒரு விஷயத்துல கலிஃபோர்னியாவுக்குக் கண்ணை மூடிட்டு ஓட்டுப் போடுவேன்.

இருங்க, சம்பளம் பேசறப்போ ஆர்எஸ்யூவை, அதாவது கம்பெனி சம்பளத்தோட கொடுக்கற ஷேரை, விட்டுட்டேன். கலிஃபோர்னியால வேலை பாத்தப்போ கொடுத்த ஷேர், டெக்ஸாஸ் வந்தப்புறம் வெஸ்ட் ஆனாலும் (நம்ம கைக்கு வந்தாலும்) தப்பிக்க முடியாது. கொடுத்த நாளுக்கும் வெஸ்ட் ஆன நாளுக்கும் நடுவுல அங்க வேலை செஞ்ச நாள் எவ்வளவோ, அந்தப் பங்குக்கு கலிஃபோர்னியா வரி போடும். அதுக்கு வெளியூர்க்காரங்களுக்கான கலிஃபோர்னியா வரி ஃபார்ம், 540என்ஆர், தாக்கல் பண்ணணும்.

டாலஸ்ல ஆலங்கட்டி மழையும் உண்டு. வீட்டு இன்சூரன்ஸ் பாலிசில விண்ட் அண்ட் ஹெயில் டிடக்டிபிள் (காத்து, ஆலங்கட்டி சேதத்துல முதல்ல நாம போடவேண்டிய பங்கு) 2 சதவீதம்னு இருந்தா, அது கூரை செலவுல 2 சதவீதம் இல்லை. வீட்டுக் காப்பீட்டுத் தொகையில. 4 லட்சத்துக்குப் போட்டிருந்தா முதல் 8,000 டாலர் உங்க பாக்கெட்லேர்ந்து.

ஹோம்ஸ்டெட் தானா வராது. அதுக்கு விண்ணப்பம் 50-114 ஃபார்ம், வீட்டு மதிப்பைக் கணிக்கற கவுன்ட்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல இலவசம். டெக்ஸாஸ் டிரைவிங் லைசன்ஸ்ல அந்த வீட்டு அட்ரஸ் இருந்தாகணும், அதனால லைசன்ஸை முதல்ல மாத்துங்க. "நாங்க ஃபைல் பண்ணித் தர்றோம்"னு காசு கேட்டு லெட்டர் வந்தா குப்பையில போடுங்க. அப்ரெய்சல் மதிப்பை எதிர்த்து மனு போட பொதுவா மே 15 கடைசி நாள், அந்த 50-132 ஃபார்மை அடுத்த வீடியோல வரி வரியா பாப்போம்.