கல்குளத்துக் கொட்டாரம்

நேயர்களுக்கு வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை எங்கள் ஊர்க்காரர்கள் 'கொட்டாரம்' என்றுதான் சொல்வோம். ஊருக்குப் பழைய பெயர் கல்குளம். 1729-இல் திருவிதாங்கூர் அரசராகப் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, முன்னோர் கட்டியதை விரித்துக் கட்டினார். 1750-இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்புக்கொடுத்தார். ஊர்ப் பெயரும் மாறியது. அப்புறம் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956-இல் எங்கள் வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொட்டாரத்தைப் பராமரிப்பது மட்டும் இன்றும் கேரள அரசு.

சரி, உள்ளே போவோம். இங்கே வானளாவிய கோபுரம் கிடையாது. மரமும் ஓடும்தான். எல்லாவற்றுக்கும் மூத்தது தாய்க் கொட்டாரம். நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம். என் பாட்டி வீடும் இதே நாலுகெட்டுதான், அளவில் சிறியது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்தால் நாலு கூரைத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரிக்கும் எங்கள் மேல் ஒரு சொட்டு விழாது. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, கொட்டாரத்து முற்றத்தில் நின்றால் எனக்குச் சட்டென்று நகர மனம் வராது.

பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பார்கள். நான் பலமுறை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன், கழுத்து வலிக்கும்.

மேலே மந்திரசாலை, அரசர் ஆலோசனை நடத்திய இடம். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண மைக்கா, ஒளி ஊடுருவும் கனிமத் தகடு. வெயில் உள்ளே வரும்போதே தணிந்துவிடுகிறது. சாய்த்து வைத்த மரச்சட்டங்கள் வழியே காற்று வரும். உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. மின்விசிறி இல்லாத காலத்து ஆசாரிகள் யோசித்துச் செய்த வேலை இது.

தரையைச் சொல்லாமல் விட மாட்டேன். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள். கறுப்பு நிறம்; குனிந்தால் சன்னல் வெளிச்சம் அதில் நீளமாகத் தெரியும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்த மினுக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். நல்லதுதான். அந்தத் தரையின் குளிர்ச்சி வெறுங்காலுக்குத்தான் தெரியும்.