ஒரே இரவு, இரண்டு கட்டளைகள்

நேயர்களே, வணக்கம்.

யோவான் 13ஆம் அதிகாரம் உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். இயேசு பந்தியிலிருந்து எழுகிறார். மேலங்கியைக் கழற்றி வைக்கிறார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். பிறகு, நீங்களும் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும் என்கிறார். அதே இரவில்தான் அப்பத்தைப் பிட்டு, என் நினைவாக இதைச் செய்யுங்கள் என்றார் என்று லூக்கா எழுதுகிறார். இரண்டுமே கட்டளைதான். அப்பத்தைப் பற்றியதை ஏறக்குறைய எல்லாச் சபைகளும் நிரந்தரமாகக் கைக்கொள்கின்றன. கால்களைப் பற்றியதை அப்படி எடுத்துக்கொண்டவை மிகச் சில.

இதற்கு ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. கால் கழுவியதை யோவான் மட்டும்தான் சொல்கிறார். அந்த விருந்தில் அப்பம் பிட்டதை மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் சொல்கிறார்கள், பவுலும் சொல்கிறார். யோவானோ அதைச் சொல்லவில்லை. எந்த நற்செய்தியை முன்னால் வைத்து வாசிக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

ஆனால் தொடக்க நூற்றாண்டுகளில் விஷயம் இவ்வளவு தீர்மானமாக இல்லை. நான்காம் நூற்றாண்டு மிலான் நகரத்துக்குப் போவோம். அங்கே ஆயர் அம்புரோஸ். ஞானஸ்நானம் பெற்றவர் தொட்டியிலிருந்து ஏறி வந்ததும் ஆயர் உடையைச் செருகிக்கொண்டு அவர் கால்களைக் கழுவுவார், குருக்களும் சேர்ந்து கழுவுவார்கள். ரோமில் இந்த வழக்கம் இல்லை. அது அம்புரோசுக்கும் நன்றாகத் தெரியும். ரோமைப் பின்பற்றவே விரும்புகிறோம், ஆனால் எங்களுக்கும் அறிவு உண்டு என்று பதில் சொல்கிறார். இது விருந்தாளிக்குக் கால் கழுவும் தாழ்மை மட்டும்தானே என்று கேட்டவர்களிடம், இல்லை, இது பரிசுத்தமாக்குவது என்கிறார். அவர் பிடித்துக்கொண்ட வசனம், தன் காலை இயேசு கழுவுவதா என்று கூசி மறுத்த பேதுருவிடம் இயேசு சொன்னது: நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை. ஆதாமின் காலில் பாம்பு ஊற்றிய விஷம் அந்த இடத்திலேயே கழுவப்பட வேண்டும் என்பது அவர் விளக்கம். ஸ்பெயினிலோ, அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய எல்விரா சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம், ஞானஸ்நானம் பெற்றவர்களின் கால்களைக் குருக்கள் கழுவக் கூடாது என்று தடை போட்டது. இது ஞானஸ்நானத்தின் ஒரு பகுதியோ என்று மக்கள் குழம்பிவிடக் கூடாதே என அஞ்சிப் பலர் இதை ஏற்கவில்லை என்று வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் எழுதுகிறார். பாருங்கள், பேதுருவிடம் சொன்ன வசனத்தில் அழுத்தம் கொடுத்தால் இது அருளடையாளம், அதாவது இறையருளைத் தரும் சடங்கு. ‘நீங்களும் செய்யுங்கள்’ என்பதில் அழுத்தம் கொடுத்தால் முன்மாதிரி. பிற்காலத்துப் பிரிவுகள் எல்லாம் இந்த இரண்டு வசனங்களைச் சுற்றித்தான் வருகின்றன.

16ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான கால்வின் இதைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். வருடத்துக்கு ஒருமுறை நாடகம்போல் கழுவிவிட்டு, மிச்ச நாளெல்லாம் சகோதரனை அவமதிக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவருக்கு இது வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய சேவை, சடங்கல்ல.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1955இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, அந்த இரவை நினைவுகூரும் பெரிய வியாழன் மாலைத் திருப்பலியிலேயே பாதம் கழுவலாம் என்றானது. குரு மேலுடையை அகற்றி, ஒவ்வொருவர் பாதத்திலும் நீர் ஊற்றித் துடைக்கிறார். பன்னிரண்டு பேர் என்பது வழக்கம்தான். இன்றைய திருப்பலி நூல் எண்ணிக்கை சொல்வதில்லை. ஆண்கள் மட்டும் என்ற விதி 2016இல் நீங்கியது. கழுவப்படுகிறவர் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவதும் நடக்கிறது. அப்போது பேதுரு கூசியதன் பொருளே போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

1708இல் ஜெர்மனியில் தோன்றிய பிரதரன் சபையார் இதைச் சொன்னபடியே செய்கிறார்கள். அன்பின் விருந்தன்று, முதலில் கால் கழுவுதல், பிறகு சாப்பாடு, அதன்பின் அப்பமும் திராட்சை ரசமும். ஒருவரே கழுவித் துடைத்துத் துண்டை அடுத்தவர் கையில் கொடுப்பதா, ஒருவர் கழுவ இன்னொருவர் துடைப்பதா என்று அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பெரிய சர்ச்சையே நடந்தது. அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தானே கழுவி, தானே துடைத்தார் என்று வசனத்தில் இருப்பதால், கீழ்ப்படிதலை அந்த அளவுக்கு எண்ணிப் பார்த்தார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் திருவிருந்துக்கு முன், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இருவர் இருவராக ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறார்கள்.

நேரம் முடிகிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: அங்கே ஆயர் பன்னிரண்டு குருக்களின் கால்களைக் கழுவுகிறார். எருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோயில் முற்றத்திலேயே, அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவரான கிரேக்க முதுபெரும் தந்தை இதைச் செய்கிறார். நன்றி, வணக்கம்.